வீட்டுக்குள் துப்பாக்கி எங்கே இருக்க வேண்டும்... இடுப்பிலா, பீரோவிலா?

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் வழியில் இருக்கிறது ஐயம்பேட்டை. பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். இங்கே பல வீடுகளில் கூடமே தறிக்கூடம்தான். வாசலைத் தாண்டியதும் தறி, அதன்மேல் பாதி நெய்த முகூர்த்தப் புடவை, பக்கத்தில் ஜரிகை, எடை போட்டு வாங்கி வந்த பட்டு நூல். பெரும்பாலும் இவை முதலாளியுடையதாகவோ, கூட்டுறவுச் சங்கத்துடையதாகவோ இருக்கும். காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியவர் நெசவு செய்பவர்.

அதனால் சுற்றுவட்டாரத்தில் எங்கேயாவது கொள்ளை என்று செய்தி வந்துவிட்டால், இப்படிப்பட்ட ஊர்களில் வாட்ஸ்அப் குரூப்கள் சூடாகிவிடும். 'கேமரா போடலாமா', 'நாய் வளர்க்கலாமா' என்று தொடங்கும் பேச்சு, கடைசியில் 'லைசன்ஸ் எடுத்து ஒரு துப்பாக்கி வெச்சுக்கிட்டா என்ன?' என்பதில் வந்து நிற்கும். கேள்வியில் தப்பில்லை. ஆனால், அதற்கு அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை. துப்பாக்கி கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வீட்டுக்குள் அதை எங்கே வைப்பது? பூட்டி வைத்தால், திருடன் வரும்போது சாவி தேட வேண்டும். இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நடமாடினால்..?

தமிழ்நாட்டில் எத்தனை துப்பாக்கி?

மத்திய உள்துறை அமைச்சகத்தின் 2016-ம் ஆண்டுக் கணக்குப்படி, உத்தரப்பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம் துப்பாக்கி லைசன்ஸ்கள் இருந்தன. தமிழ்நாட்டில்? சுமார் 22,500தான். இதிலும் பயிர்ப் பாதுகாப்புக்கு வைத்திருப்பவர்கள், விளையாட்டு வீரர்கள், வங்கிக் காவலர்கள் உண்டு. ஆக, 'வீட்டுல ஒரு துப்பாக்கி' என்பது நம்மூரில் சினிமாவில் ஜமீன்தார் வீட்டுச் சுவரில் பார்க்கும் சமாசாரம்தான்.

லைசன்ஸ் தருவது மாவட்டங்களில் கலெக்டர், பெருநகரங்களில் போலீஸ் கமிஷனர். காவல்துறை அறிக்கை இல்லாமல் ஃபைல் நகராது. 2016-ம் ஆண்டு ஆயுத விதிகள் வந்த பிறகு, துப்பாக்கியைக் கையாளும் பயிற்சி, பாதுகாப்பாக வைக்கும் வசதி ஆகியவை பற்றியும் கேட்கிறார்கள். 2019-ல் சட்டம் திருத்தப்பட்டபோது, ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. அலட்சியமாகச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்பதும் அப்போது வந்ததுதான்.

பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையில் போட்டுத்தான் எடுத்துச் செல்ல வேண்டும் என்று விதி தெளிவாகச் சொல்கிறது. நான்கு சுவருக்குள் நடமாடும்போது அது எங்கே இருக்க வேண்டும் என்பதோ பெரும்பாலும் சொந்தக்காரரின் பொறுப்பு.

அந்த ஜனவரி இரவு

'இடுப்பில்தான் இருக்கணும்' என்று சொல்பவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. 2005 ஜனவரி 9-ம் தேதி, பெரியபாளையம் அருகே தானாகுளத்தில், கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ சுதர்சனத்தின் வீட்டுக்குள் இரவில் புகுந்தது பவாரியா கொள்ளைக் கும்பல். அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு நகைகளுடன் தப்பியது. நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளாகப் பார்த்து, நள்ளிரவில் கதவை உடைத்து நுழைவது அந்தக் கும்பலின் வழக்கம். ஐ.ஜி ஜாங்கிட் தலைமையிலான தனிப்படை வட மாநிலங்கள் வரை போய்த் தேடியது. 'தீரன் அதிகாரம் ஒன்று' படத்துக்குக் கரு கொடுத்ததும் இந்தத் தேடுதல்தான்.

இப்படி ஒரு கும்பல் கதவை உடைத்தால், உள்ளே இருப்பவருக்குக் கிடைப்பது சில விநாடிகள். பீரோவைத் திறந்து, லாக்கரைத் திறந்து, குண்டு போட்டு நிமிர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பூட்டி வைத்த துப்பாக்கியால் திடீர்த் தாக்குதலைத் தடுக்க முடியாது என்பது உண்மை.

ஆனால், இடுப்பில் இருந்தால் மட்டும் தடுத்துவிட முடியுமா?

2019 ஆகஸ்ட் மாதம், அப்போதைய திருநெல்வேலி மாவட்டம் கடையம் அருகே கல்யாணிபுரத்தில் நடந்ததை கேமரா பதிவாக நாடே பார்த்தது. வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த முதியவரின் கழுத்தை, முகமூடி போட்ட ஒருவர் பின்னாலிருந்து துணியால் இறுக்குகிறார். உள்ளே இருந்து ஓடிவந்த மனைவி, கையில் கிடைத்த செருப்பை எடுத்து வீசுகிறார், பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி அடிக்கிறார். விடுபட்ட கணவரும் சேர்ந்துகொள்ள, அரிவாளோடு வந்த இருவரும் ஓடிப்போனார்கள். அம்மாவின் கையில் வெட்டு, கழுத்துச் சங்கிலியும் போனது. ஆனால் உயிர் பிழைத்தார்கள். அந்தச் சுதந்திர தினத்திலேயே அவர்களுக்குத் தமிழக அரசு வீர விருது கொடுத்தது.

அந்த வீடியோவை இன்னொரு முறை பார்க்கும்போது ஒன்றை யோசிக்கலாம். பெரியவர் இடுப்பில் ரிவால்வர் இருந்திருந்தால், இறுகும் துணியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும் கைகள் அதை எடுத்திருக்குமா? பின்னால் நிற்பவரின் கை அதற்கு முன்பே போயிருக்காதா? தாக்க வருபவர்தான் நேரத்தையும் திசையையும் முடிவு செய்கிறார். இடுப்பில் இருக்கும் ஆயுதம் முதலில் யார் கைக்குப் போகும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

அதிகாலை 4.45 மணி, ஜுஹு

திருடன் வரும் இரவு வாழ்க்கையில் ஒன்றோ இரண்டோ, வராமலேயும் போகலாம். மிச்ச நாளெல்லாம் துப்பாக்கி வீட்டில் மனிதர்களோடு வாழ்கிறது. பிரச்னை அங்கேதான்.

2024 அக்டோபர் 1. மும்பை ஜுஹுவில் உள்ள வீட்டில், கொல்கத்தா விமானத்தைப் பிடிக்கத் தயாராகிக்கொண்டிருந்தார் இந்தி நடிகர் கோவிந்தா. அதிகாலை 4.45 மணி வாக்கில், லைசன்ஸ் பெற்ற தன் ரிவால்வரை அலமாரியில் வைக்கப் போனபோது அது கை தவறி விழுந்து வெடித்தது. முழங்காலுக்குக் கீழே குண்டு பாய்ந்தது. அறுவை சிகிச்சை செய்து குண்டை எடுத்தார்கள், சில நாள்களில் வீடு திரும்பினார். திருடனும் இல்லை, சண்டையும் இல்லை. விடிகாலை அவசரத்தில் அலமாரியைத் திறந்தார், அவ்வளவுதான்.

கீழே விழுந்தால் வெடிக்குமா என்று கேட்பவர்களுக்கு... பழைய பாணி ரிவால்வர்களில் வெடிக்கலாம். பின்பக்கம் இருக்கும் சுத்தியல் போன்ற பாகம் தரையில் மோதினால், அது நேரே குண்டின் அடிப்பகுதியில் இடிக்கும். அதனால்தான் அந்தக் காலத்திலேயே சுத்தியலுக்கு நேரே வரும் ஒரு அறையைக் காலியாக விட்டுவிட்டு மிச்சத்தில் குண்டு போடும் பழக்கம் இருந்தது. புதிய மாடல்களில் இதைத் தடுக்கும் அமைப்பு உண்டு. ஆனால், அதுவும் தேய்ந்துபோகக் கூடியதுதான்.

இடுப்பில் வைத்துக்கொள்வேன் என்று தொடங்குபவர் எத்தனை மணி நேரம் அப்படியே இருப்பார்? குளிக்கும்போது கழற்ற வேண்டும். தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் குத்தும். பேரக்குழந்தை மடியில் ஏறும். தூங்கும்போது? ஒவ்வொரு முறையும் அது எங்கேயோ ஓர் இடத்தில் இறக்கி வைக்கப்படும்: ஃபிரிட்ஜ் மேல், தலையணைக்கு அடியில், சாமி படத்துக்குப் பின்னால். வீட்டில் எங்கே ஒளித்து வைத்தாலும் செல்போனைக் கண்டுபிடித்துவிடும் குழந்தைகளுக்கு இதெல்லாம் ஒரு மறைவிடமா?

ஐயம்பேட்டை போன்ற ஊரின் வீட்டை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். காலையில் தெருவில் பாவு நீட்டுவதற்குப் பக்கத்து வீட்டார் கை கொடுப்பார்கள். கோர்வைப் புடவை என்றால் தறியில் இரண்டாவது ஆள் வேண்டும். நூல் கொண்டுவருபவர், புடவை பார்க்க வருபவர், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் என்று நாள் முழுக்க ஆள் நடமாட்டம். பகலில் கதவு மூடினால்தான் 'என்ன ஆச்சு?' என்று எட்டிப் பார்ப்பார்கள். குண்டு போட்ட துப்பாக்கி உலவுவதற்கு இந்த வீடு தோதான இடமே இல்லை.

வந்தவர் விருந்தாளி

இன்னொன்று. வீட்டுக்குள் துப்பாக்கி வெடித்த சம்பவங்களில், சுட்டவர் எப்போதும் முகமூடித் திருடனாக இருப்பதில்லை. தமிழ்நாட்டின் மிகப் பிரபலமான துப்பாக்கிச் சூடே அப்படித்தான். 1967 ஜனவரி 12-ம் தேதி, ராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஜி.ஆரைப் பார்க்க வந்தவர் எம்.ஆர்.ராதா. திரைத்துறையில் பல வருடப் பழக்கம். பேச்சு முடிவதற்குள் எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்திருந்தது, ராதாவும் தன்னைச் சுட்டுக்கொண்டார். இருவருமே பிழைத்தார்கள். மருத்துவமனையில் இருந்தபடியே பரங்கிமலை தொகுதியில் ஜெயித்த எம்.ஜி.ஆரின் குரல் பழையபடி திரும்பவில்லை. காஞ்சிபுரமும் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. வழக்கு நடந்து ராதாவுக்குத் தண்டனை கிடைத்ததும் செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றத்தில்தான். கோபம், கடன், குடும்பத் தகராறு... இவற்றுக்குப் பக்கத்தில் துப்பாக்கி இருந்தால் வார்த்தையோடு முடிய வேண்டியது முடியாது.

அமெரிக்காவில் இது பெரிய வழக்காகவே நடந்தது. வாஷிங்டன் நகரத்துச் சட்டப்படி, வீட்டில் இருக்கும் துப்பாக்கியைக் குண்டு நீக்கிப் பாகம் பிரித்தோ, விசைக்குப் பூட்டுப் போட்டோதான் வைக்க வேண்டும். அனுமதி இல்லாமல் சொந்த வீட்டுக்குள்ளேயே கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நடக்கவும் கூடாது. வேலையில் துப்பாக்கி ஏந்திய ஹெல்லர் என்ற காவலர், வீட்டில் மட்டும் ஏன் கூடாது என்று வழக்குப் போட்டார். 2008-ல் 5-க்கு 4 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. உரிமை கிடைத்தது, சரி. ஆனால், அதே நாட்டில் 1993-ல் வெளியான கெல்லர்மன் குழுவின் மருத்துவ ஆய்வு, துப்பாக்கி உள்ள வீட்டில் கொலை நடக்கும் அபாயம் 2.7 மடங்கு அதிகம் என்று காட்டியிருந்தது.

தென்னாப்பிரிக்க ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ், 2013 காதலர் தினத்தன்று விடியற்காலையில், மூடிய கழிவறைக் கதவு வழியாகச் சுட்டார். உள்ளே இருந்தது காதலி ரீவா. 'திருடன் என்று நினைத்தேன்' என்பது அவர் சொன்ன காரணம். கடைசியில் அது கொலை என்றே தீர்ப்பானது.

சுட்டால் சட்டம் என்ன சொல்லும்?

தற்காப்பு உரிமை நமக்கு உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அதைப் பற்றியவை. கொள்ளை, இரவில் வீடு உடைத்து நுழைவது போன்ற நேரங்களில், எதிராளி உயிர் போகும் அளவுக்குக்கூட அந்த உரிமை நீளும். ஆனால் தேவைக்கு மேல் ஒரு துளி கூடினாலும் பாதுகாப்பு கிடையாது. காம்பவுண்டு சுவரைத் தாண்டி ஓடுபவரின் முதுகில் சுட்டுவிட்டு 'தற்காப்பு' என்று சொல்ல முடியாது.

பலரும் மறந்துவிடும் இன்னொரு விஷயம், லைசன்ஸ் குடும்பத்துக்குக் கொடுக்கப்படுவதில்லை, ஒரு நபருக்குத்தான். அப்பா பெயரில் லைசன்ஸ். அவர் புடவை கொடுக்கக் காஞ்சிபுரம் போயிருக்கிறார். வீட்டில் அம்மாவும் பிள்ளைகளும் மட்டும். அந்த நேரத்தில் அந்தத் துப்பாக்கி யாருக்குப் பயன்படும்? 2014-ல் பெண்களின் பாதுகாப்புக்கென்று 'நிர்பீக்' என்ற எடை குறைந்த ரிவால்வரை அரசுத் தொழிற்சாலை கொண்டுவந்தது. விலை 1.22 லட்சம் ரூபாய்! அந்தக் காசுக்கு இரும்புக் கதவும் கேமராவும் போட்டு, மிச்சத்துக்கு நல்ல பட்டுப் புடவையும் எடுக்கலாம்.

குடகில் எப்படி?

துப்பாக்கியோடு தலைமுறை தலைமுறையாக வாழும் மக்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கர்நாடகத்தின் குடகுப் பகுதியில், கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் சில வகைத் துப்பாக்கிகளுக்கு லைசன்ஸே தேவையில்லை. வெள்ளைக்காரர் காலத்துச் சலுகை இது. மத்திய அரசு 2019-ல் இதை 2029 வரை நீட்டித்தது, 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் செல்லும் என்றது. செப்டம்பரில் வரும் 'கைல்போது' விழாவில் துப்பாக்கிகளைத் துடைத்து, பூ வைத்துக் கும்பிடுவார்கள். வைக்கும் பூ எது தெரியுமா? நம் மாநில மலரான செங்காந்தள்! ஐயம்பேட்டையில் ஆயுத பூஜைக்குத் தறிக்குப் பொட்டு வைப்பது போலத்தான். அங்கே துப்பாக்கிக்கென்று ஓர் இடம், எடுப்பதற்கென்று ஒரு சந்தர்ப்பம், சொல்லிக்கொடுக்கப் பெரியவர்கள் என்று பழக்கம் உண்டு. அந்தப் பழக்கம் இல்லாத வீட்டில் ஆயுதத்தை மட்டும் வாங்கி வைத்தால் போதாது.

ஆகவே, உயிருக்கு மிரட்டல் இருக்கிறது என்று போலீஸே சொல்லும் நிலையில் இருப்பவர்கள் தவிர, மற்றவர்களுக்கு பீரோதான் சரி. குண்டுகள் வேறு பூட்டில், சாவி லைசன்ஸ் வைத்திருப்பவரிடம் மட்டும். இரவில் சத்தம் கேட்டால், வெளியே போய்ப் பார்ப்பதைவிட எல்லோரும் ஒரே அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு 100 அல்லது 112-க்குப் போன் செய்வது நல்லது. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியையும் போனில் போட்டு வைக்கலாம். ஊருக்குப் போகும் முன் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போனால், பூட்டிய வீட்டை ரோந்துப் போலீஸார் பார்த்துக்கொள்வார்கள். தேர்தல் அறிவித்துவிட்டால், விலக்குப் பெற்றவர்கள் தவிர மற்றவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தாக வேண்டும். அந்த நாள்களிலும் வீட்டைக் காப்பது கதவும் அக்கம்பக்கமும்தான்.

கடைசியாக, தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் கிடக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. லைசன்ஸ் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், அந்தத் துப்பாக்கி வாரிசுக்குத் தானாக வந்துவிடாது. அருகில் உள்ள காவல் நிலையத்திலோ, லைசன்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ அதை உடனே ஒப்படைத்துவிட வேண்டும். வைத்துக்கொள்ள விருப்பம் என்றால், வாரிசு தன் பெயரில் லைசன்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். லைசன்ஸ்தாரர் உயிரோடு இருக்கும்போதே, 70 வயது ஆனாலோ, துப்பாக்கி வாங்கி 25 ஆண்டுகள் ஆனாலோ வாரிசுக்கு மாற்றித்தரவும் விதியில் இடமுண்டு. காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்கள் இதற்குப் போக வேண்டிய இடம் கலெக்டர் ஆபீஸ்.