கறிகாய்க் கூடையும் நியாய விலையும்

இயற்கை எருவில் விளைந்தது வேறு. நம்மூரில் விளைந்தது வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

வடமதுரையை அடுத்த அய்யலூர்ச் சந்தையில் தக்காளி மலிந்தால் பறிப்புக் கூலியும் கட்டாது. அப்பொழுதும் நெசவாளி சில்லறைக் கடையில் கூடுதல் விலையே கொடுக்கிறார். இடைத்தரகை நீக்க 1999இல் மதுரையில் உழவர் சந்தையும், 2013இல் சென்னையில் கூட்டுறவுப் பண்ணைப் பசுமைக் கடைகளும் தோன்றின.

அங்கத்தினர்களே! நாமும் வாரக் கூடை தொடங்கலாம். கூலி பட்டுவாடா நாளில் நெசவாளர் அடுத்த வாரத்துக்குப் பணம் செலுத்தட்டும். விவசாயிகள் அன்று பறித்ததை அனுப்பட்டும். பருவத்தில் விளைந்ததையே ஏற்க நெசவாளர் இசையவேண்டும். சந்தை விலை ஏறினும் விவசாயி வாக்குப் பிறழலாகாது.

இயற்கைச் சான்று வேண்டுவோர், ஐவரேனும் குழுவாகி ஒருவர் நிலத்தை ஒருவர் பார்வையிடும் பங்கேற்பு உத்தரவாத முறையில் பின்னர்ச் சேரலாம். முதற்கண் வேண்டுவது நியாய விலை.