ஊசி ஏறிய விரல்

பனியன் கம்பெனிகளில் "ஊசி ஏறிடுச்சு" என்று யாராவது சொன்னால், எங்கே என்று எவரும் கேட்பதில்லை. பெரும்பாலும் இடது கை ஆள்காட்டி விரல்தான். "பார்த்துத் தைக்கக் கூடாதா?" என்று பக்கத்திலிருப்பவர் கேட்பார். அடிபட்டவரும் தன் கவனக்குறைவு என்றே நினைத்துக்கொள்வார். மிஷின் ஓடும் விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இந்தக் கேள்வி எவ்வளவு அநியாயமானது என்று புரியும்.

வீட்டு மோட்டார் மிஷின் நிமிடத்துக்குச் சுமார் 600 முதல் 1,000 தையல் போடும். கம்பெனியில் ஓடும் பவர் மிஷினின் வேகம் 4,000, 5,000 வரை போகும். 5,000 என்றால் நொடிக்கு 83 முறை ஊசி இறங்கி ஏறுகிறது. ஆபத்தை உணர்ந்து பெடலிலிருந்து காலைத் தளர்த்த நமக்கு ஐந்தில் ஒரு நொடியாவது ஆகும். அதற்குள் ஊசியால் பதினாறு முறை இறங்கிவிட முடியும். பல சமயம் அத்தனை முறை இறங்குவதில்லை என்றால், அதற்குக் காரணம் விரலை வெடுக்கென்று இழுத்த வேகத்தில் ஊசி ஒடிந்துபோவதுதான்.

விரலை ஏன் அவ்வளவு பக்கத்தில் கொண்டுபோக வேண்டும்? கழுத்துப் பட்டி, கைக்குழி போன்ற வளைவான இடங்களில் இரண்டு துணியின் ஓரமும் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறதா என்று விரல்தான் பிடித்துப் பார்த்துக்கொண்டே போகிறது. அடியிலுள்ள பற்கள் துணியை இழுக்கும்போது, துணியை அழுத்தியிருக்கும் விரலும் கூடவே நகர்கிறது. பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர் ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி நிறுத்திக் கையை எடுத்து வைத்தால் அன்றைய கூலி குறையும். ஆக, விரல் அங்கே தெரியாமல் போய் மாட்டிக்கொள்வதில்லை. வேலையே அங்கேதான் நடக்கிறது.

காயத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். நகம் மேலே இருக்கும்படி விரல் துணிமேல் கிடப்பதால் ஊசி பெரும்பாலும் நகத்தின் வழியே இறங்குகிறது. நகத்துக்கு அடியில் நகப்படுகை, அதற்கும் கீழே விரல் நுனி எலும்பு, கடைசியில் சதை. 14-ஆம் நம்பர் ஊசியின் தண்டு 0.9 மில்லிமீட்டர் தடிமன்தான். ஆனாலும் மோட்டார் வேகத்தில் எலும்பையே துளைத்துக்கொண்டு மறுபுறம் வந்துவிடும். கை ஊசிக்குக் காது பின்பக்கம் இருக்கும். மிஷின் ஊசிக்கோ நுனிக்குப் பக்கத்தில். அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846-இல் காப்புரிமை பெற்ற மிஷினிலும் ஊசி இப்படித்தான் இருந்தது. நுனியருகே காது இருப்பதால்தான் ஊசி முழுவதுமாகத் துணியைக் கடந்து போகாமலே நூலை அடியில் கொண்டுபோய் பாபின் நூலோடு பின்ன முடிகிறது. விரலில் இறங்கும்போதும் அதே வேலையைத்தான் செய்கிறது. எண்ணெயும் பஞ்சுத் தூசியும் ஒட்டிய நூல் எலும்பு வரை போய்விடுகிறது. வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். உள்ளே சீழ் வைக்கத் தேவையான எல்லாம் சேர்ந்துவிட்டிருக்கும்.

இன்னொரு விபத்து மிஷின் நின்றிருக்கும்போதே நடக்கிறது. பழைய கிளட்ச் மோட்டார் மிஷினில் சுவிட்ச் போட்டதுமே மோட்டார் சுற்றத் தொடங்கிவிடும். பெடலை மிதித்தால்தான் அந்தச் சுழற்சி ஊசிக்கு வரும். சுவிட்சை அணைத்த பிறகும் கனமான சக்கரம் சில நொடிகள் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் ஊசியில் நூல் கோக்கக் குனிந்து, கால் பெடலில் பட்டுவிட்டால் மிஷின் ஓடிவிடும். அணைத்த பின் கையைத் தூர வைத்துக்கொண்டு ஒருமுறை பெடலை மிதித்து மிச்ச ஓட்டத்தைத் தீர்த்துவிட வேண்டும். பெடலை மிதிக்கும்போது மட்டுமே சுற்றும் சர்வோ மோட்டாரில் இந்தத் தொல்லை இல்லை. மின்சாரச் செலவைச் சொல்லித்தான் அதை விற்கிறார்கள். விரலைச் சொல்லியும் விற்கலாம்.

ஊசிக்கு முன்னால் வளைத்துப் பொருத்தும் ஒரு கம்பித் தடுப்பு உண்டு. விரல் ஊசிக்கு அடியில் நுழையாமல் அது தள்ளிவிடும். மிஷினில் இருக்கிற மலிவான பாகங்களில் அதுவும் ஒன்று. நூல் கோக்கும்போது இடைஞ்சல், தையல் மறைகிறது என்று கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். டைலரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எளிதாக விலக்கி மறுபடி பொருத்தக்கூடிய தடுப்பை வாங்கித் தருவதும், அதை மாட்டிக்கொண்டு எட்டக்கூடிய டார்கெட்டை வைப்பதும் கம்பெனியின் பொறுப்பு. கட்டிங் மேஜையில் கத்தி ஓட்டுபவர் இடது கையில் போடும் இரும்பு வளையக் கையுறையை யாரும் இடைஞ்சல் என்று சொல்லிக் கழற்றிவிடக் கூடாது என்று நினைக்கிறோம். ஊசிக்கும் அதே நியாயம்தான்.

ஊசி ஏறிவிட்டால் முதலில் காலை எடுத்து மிஷினை அணைக்க வேண்டும். மோட்டார் நின்றதும் வலப்பக்கச் சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பி ஊசியை மேலே ஏற்றலாம். வரவில்லை என்றால் ஊசியைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி, விரலில் இருக்கும் ஊசியோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இழுக்கவோ குத்திக் கிளறவோ கூடாது. வீங்குவதற்கு முன் மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். காப்பித்தூள், மஞ்சள்தூள், மிஷின் எண்ணெய் எதையும் அப்ப வேண்டாம். டெட்டனஸ் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று நாளில் விரல் விண்ணென்று தெறித்து, சிவந்து வீங்கினால் மறுபடி காட்டியே ஆக வேண்டும்.

ஒடிந்த ஊசி என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. ஏற்றுமதி கம்பெனிகளில் ஒடிந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கி, சேர்த்து வைத்து, டேப் ஒட்டி ரெஜிஸ்டரில் பதிந்த பிறகே புது ஊசி தருகிறார்கள். துணிக்குள் துண்டு தங்கி, போட்டுக்கொள்ளும் குழந்தையைக் குத்திவிடக் கூடாது என்பதற்கான நல்ல ஏற்பாடு அது. துண்டு குறைந்தால் துணியில் மட்டும் தேடாமல் விரலிலும் தேட வேண்டும். கிடைத்த துண்டுகளைக் காயம்பட்டவரோடு அனுப்பினால், எவ்வளவு நீளம் குறைகிறது என்று டாக்டருக்குத் தெரியும். ஊசி எஃகு என்பதால் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

சின்னக் காயம்தானே என்று விபத்தைப் பதியாமல் விடுவது பெரிய தவறு. இ.எஸ்.ஐ.யில் இருக்கும் தொழிலாளிக்குச் சிகிச்சை மட்டுமல்ல, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குப் பணமும் உண்டு. ஆறு மாதம் கழித்து நகம் கோணலாக வளர்ந்தாலோ, நுனி மரத்துப்போய்த் துணியின் ஓரம் விரலுக்குத் தட்டுப்படாமல் போனாலோ, அது வேலையில் பட்ட அடிதான் என்று காட்ட அன்றைய தேதியில் எழுதிய ஒரு பதிவு கையில் இருக்க வேண்டும்.