விரால் பிடிக்கப் போறீங்களா?

ஐப்பசி மழை கல்வராயன் மலையில் இறங்கிவிட்டால், கள்ளக்குறிச்சி ஆபீஸ்களில் திடீர் திடீரென்று பாட்டிகளுக்கு உடம்பு சரியில்லாமல் போகும். லீவு லெட்டர் கொடுத்த பேரன்களோ கோமுகி அணையில், பரிசலில்!

குறி விரால். 46 அடி அணையின் நடுவில் போய்த் தேடாதீங்க. கரையோரக் கோரை, மூழ்கிக் கிடக்கிற முள்மரம், இந்த நிழலில்தான் ஐயா பதுங்குவார். செவுள் இருந்தும் மூச்சு விட மேலே வந்தே தீரணும். 'குபுக்' என்று குமிழி கிளம்பினால் துடுப்பை நிறுத்துங்க. பரிசலைத் தட்டினால் ஆள் காலி.

குட்டித் தவளையையோ சின்னக் கெண்டையையோ முள்ளில் மாட்டி, குமிழிக்குச் சற்றுத் தள்ளிப் போடுங்க. தக்கை ஆடியதும் சுண்டக்கூடாது. மூணு எண்ணுங்க, விழுங்கட்டும். அப்புறம் தயங்காமல் இழுங்க. இடம் கொடுத்தால் நரம்பை முள்மரத்தில் சுற்றிவிடும்.

ஒரு தர்மம். சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் மேலே மொய்த்தால் தூண்டிலைச் சுருட்டுங்க. கீழே காவல் நிற்பது அப்பா, அம்மா. அவர்களைப் பிடித்தால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு டிபன்!

ஒரு எச்சரிக்கை. ஒரு கண் தக்கையில், ஒரு கண் மலையில். அங்கே கறுத்தால், இங்கே வெயிலடித்தாலும் கரையேறுங்க. மலைத் தண்ணீர் சொல்லிக்கொண்டு வராது.

மீன் சிக்கவில்லையா? போகட்டும், பாட்டி பிழைத்துக்கொண்டாரே!