வேகம் ஏறினால் விலை ஏறுமா?

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டில்லியின் குளிரில் கைகளைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, என் சித்தப்பாவின் மகனும் நானும் கரோல் பாக்கில் பழைய கார் வியாபாரி ஒருவரின் கடை வாசலில் நின்றோம். விற்க வந்த பொருள் அண்ணாவின் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். கார். சித்தப்பாவின் முழங்கால்கள் இரண்டிலும் அறுவைச் சிகிச்சை செய்தாக வேண்டும் என்று திருச்சியில் டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணாவின் சேமிப்போ அந்தக் காருக்குள் அடங்கிக் கிடந்தது.

வியாபாரி வயதானவர். எஞ்சினை ஓடவிடச் சொன்னார். ஸைலன்ஸர் எழுப்பிய கர்ஜனையைக் கேட்டதும் போதும் என்று கையைக் காட்டினார். பிறகு பானெட்டுக்குள் சிறிது நேரம் குனிந்து பார்த்துவிட்டு ஒரு விலை சொன்னார். யாரும் கை வைக்காத அதே ஆண்டுக் காருக்குத் தாம் கொடுப்பதைவிட அது ஒன்றரை லட்சம் ரூபாய் குறைவு என்பதையும் அவரே சொன்னார்.

"இதன் வேகத்தைக் கூட்ட நான் இரண்டே முக்கால் லட்சம் செலவழித்திருக்கிறேனே!" என்றார் அண்ணா.

"அது உங்கள் ஷௌக். அதற்கு நான் ஏன் பணம் தர வேண்டும்?" என்று பெரியவர் இந்தியில் சாந்தமாகக் கேட்டார். ஷௌக் என்றால் ஆசை, மோகம், கொஞ்சம் பித்து எல்லாம் சேர்ந்த ஒன்று.

எனக்குத் தலைநிமிர முடியவில்லை. "தாராளமாகச் செய்யலாம் அண்ணா, எஞ்சின் தாங்கும்" என்று கணக்குப் போட்டுக் கொடுத்த புண்ணியவான் நான்தான். பௌதிகம் படிக்கும் தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் நம்பினார். அந்தக் கணக்கு என்ன, அது எங்கே என்னைக் கைவிட்டது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எஞ்சினின் சக்தி, அது உள்ளிழுக்கும் காற்றின் நிறையைப் பொறுத்தது. காற்று அதிகமானால் அதற்கேற்பப் பெட்ரோலை எரிக்கலாம். டர்போ என்பது வெளியேறும் புகையால் சுழலும் ஒரு சிறு சக்கரம். அதே அச்சில் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. எவ்வளவு அமுக்குவது, எப்போது பொறி வைப்பது என்பதையெல்லாம் காரிலுள்ள சிறு கணினி தீர்மானிக்கிறது. அதன் நிரலை மாற்றிவிட்டால் அழுத்தம் கூடும். அழுத்தத்தை வெளிக்காற்றைப் போல் 2 மடங்கிலிருந்து 2.4 மடங்காக்கினால், சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ளும் வரையில், காற்று 20 சதவீதம் மிகும். சக்தியும் ஏறத்தாழ அந்த அளவில் மிகும். 230 குதிரைசக்தியுடன் தொழிற்சாலையிலிருந்து வந்த அண்ணாவின் கார் இப்படித்தான் கொழுத்தது. கூடவே புகைக்குழாய், ஸைலன்ஸர், காற்று வடிகட்டி, உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங்குகள் என்று ஒவ்வொன்றாக மாறின.

நான் விட்டுவிட்டது உலோகத்தின் களைப்பை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், ரயில் வண்டிகளின் அச்சுகள் ஏன் திடீரென்று முறிகின்றன என்று ஜெர்மனியில் அவுகுஸ்ட் வூலர் என்ற பொறியாளர் ஆராய்ந்தார். ஒரே தடவையில் முறிக்கப் போதாத சுமையும், திரும்பத் திரும்ப வந்தால் முறித்துவிடும் என்று அவர் காட்டினார். சுமை சிறிது ஏறினால் ஆயுள் மிக வேகமாகக் குறையும். ஐந்தில் ஒரு பங்கு சுமை கூடினால் பாதிக்கும் மேற்பட்ட ஆயுள் போய்விடக்கூடும். பிஸ்டனைத் தாங்கும் தண்டு, கியர்ப் பற்கள், கிளட்ச் எல்லாம் இதற்கு உட்பட்டவை. எஞ்சின் தாங்கும் என்று நான் சொன்னது பொய்யன்று, தாங்கத்தான் தாங்கியது. எத்தனை நாளைக்கு என்பது வேறு கேள்வி.

வாங்குபவன் கேட்பது அந்தக் கேள்வியைத்தான். கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதை மீட்டர் காட்டும். எப்படி ஓட்டப்பட்டது என்பதைக் காட்டாது. நிரலை மாற்றியவர் அந்தக் கூடுதல் சக்தியைப் பூட்டியா வைத்திருப்பார்? நள்ளிரவில் எக்ஸ்பிரஸ் சாலையில் மிதித்துத்தான் இருப்பார் என்று வாங்குபவன் நினைக்கிறான். (அண்ணாவைப் பொறுத்தவரை அது முற்றிலும் சரி. நானும் உடன் உட்கார்ந்திருந்தேன்.)

இங்கே பௌதிகம் நின்று பொருளாதாரம் தொடங்குகிறது. ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்க அறிஞர் 1970-இல் வெளியிட்ட ஒரு கட்டுரை இந்தப் பழைய கார்ச் சந்தையைப் பற்றியதுதான். கோளாறான காரை அந்நாட்டில் எலுமிச்சை என்பார்கள். காரின் உண்மை நிலை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது; ஆகவே எதுவும் எலுமிச்சையாக இருக்கலாம் என்று எண்ணி, வாங்குபவன் எல்லாவற்றுக்கும் விலையைக் குறைத்தே கேட்பான்; நல்ல கார் வைத்திருப்பவன் சந்தைக்கே வராமல் ஒதுங்குவான் என்பது அவர் வாதம். அந்தக் கட்டுரையில் நம் நாட்டுப் பெண்கள் கடை அரிசியில் கல் பொறுக்குவதும் உதாரணமாக வருகிறது! 1967-68-இல் அவர் இதே டில்லியில், இந்தியப் புள்ளியியல் கழகத்தில் இருந்தவர். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கரோல் பாக் பெரியவர் அந்தக் கட்டுரையைப் படித்திருக்கமாட்டார். படிக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

சட்டமும் விற்பவன் பக்கம் இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் விதித்தது; சிறையும் உண்டு. சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ்காரர்கள் கையை விரிக்கலாம். புதிய காராக இருந்தால் உத்தரவாதமும் ஆட்டம் காணும்.

அப்படியானால் மாற்றிய கார் எங்கும் மலிவுதானா என்று கேட்பீர்கள். 1993-இல் வந்த டொயோட்டா ஸூப்ராவைப் பாருங்கள். அமெரிக்காவில் அதன் டர்போ ரகம் 320 குதிரைசக்தியுடன் விற்றது. அதன் மூன்று லிட்டர் எஞ்சினின் இரும்பு உடல் எதையும் தாங்கும் என்று கண்டவர்கள், அதை ஆயிரம் குதிரைசக்திவரை கொண்டுபோனார்கள். கையில் கிடைத்ததையெல்லாம் இப்படித் திருத்தியதால் கை படாத ஸூப்ரா அரிதாகிவிட்டது. 2019-இல் அமெரிக்க ஏலமொன்றில், அதிகம் ஓடாத 1994-ஆம் ஆண்டு ஸூப்ரா ஒன்று 1,73,600 டாலருக்குப் போயிற்று. மாறாக, 2001-இல் வந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' படத்தில் ஓடிய ஆரஞ்சு நிற ஸூப்ரா தலைமுதல் கால்வரை மாற்றப்பட்டது. அது 2021-இல் 5,50,000 டாலர் பெற்றது. காரணம், யார் மாற்றியது, எதற்காக மாற்றியது, யார் ஓட்டியது என்பதெல்லாம் ஊரறிந்த சங்கதி. அண்ணாவின் காரை ஓட்டியவர் அண்ணா.

பெரியவர் ஒரு வழி சொன்னார். "பழைய சாமான்களைத் திரும்பப் பூட்டிக் கொண்டுவாருங்கள், பார்க்கலாம்." ஸ்பிரிங்குகளும் ஸைலன்ஸரும் பழைய காற்று வடிகட்டியும் அண்ணா வீட்டுப் பால்கனியில் பத்திரமாக இருந்தன. நிரலைப் பழையபடி ஆக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் புகையைத் தூய்மை செய்யும் வினையூக்கி பொருந்திய பழைய குழாயைக் காணோம். மாற்றிய பட்டறையில் கேட்டால், "குப்பைக்குப் போட்டோம்" என்றார்கள். அதனுள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் இருக்கும். எந்தக் குப்பைக்குப் போயிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒன்று வாங்கிப் பூட்ட லட்சத்துக்கு மேல் ஆயிற்று. கழற்றிய பொருளை அன்றே கேட்டு வாங்காதது எங்கள் பிழை.

மறுவாரம் போகும்போது ஒரு தயக்கம். கார் இப்போது புதுப் பெண்போல் அடக்கமாக இருந்தது. முன்கதையை அறியாத வேறொரு வியாபாரியிடம் போனால் முழு விலையும் கிடைக்கலாம். சித்தப்பாவின் மருத்துவச் செலவை எண்ணி நான் அப்படித்தான் சொன்னேன். அண்ணா சிறிது நேரம் பேசவில்லை. "எவனோ ஒருவன் பிள்ளைகுட்டியோடு இதில் போவான்டா" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கரோல் பாக்குக்கே விட்டார்.

பெரியவர் தம் ஆளை விட்டுக் கணினியைச் சோதிக்கச் சொன்னார். நிரல் எத்தனை முறை மாற்றப்பட்டது என்ற கணக்கு அதிலேயே இருந்தது. அண்ணா எல்லாவற்றையும் முன்னரே சொல்லியிருந்ததால் அதைப் பார்த்துச் சிரித்தார். குறைவு ஒன்றரை லட்சத்திலிருந்து நாற்பதாயிரமாக இறங்கியது. புதுக் குழாயின் செலவையும் சேர்த்தால் எங்களுக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை. ஆனாலும் பணம் அன்று மாலையே வந்தது. தை பிறந்ததும் சித்தப்பாவுக்கு முதல் முழங்காலில் சிகிச்சை நடந்தது.

கர்ஜிக்கும் ஸைலன்ஸரை நொய்டாவில் ஒருவர் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டார். உயரம் குறைக்கும் ஸ்பிரிங்குகள் நான்கும் என் விடுதி அறையில் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. வேண்டுவோர் கதவைத் தட்டலாம், விலை பேசிக்கொள்வோம்.