வேவு பார்க்கவும் வரம்பு உண்டு

மணல் கொள்ளைக்கு எதிராக மனு கொடுத்த மறுநாளே வாசலில் மஃப்டியில் ஒருவர் நிற்பார். “சும்மா விசாரிச்சுட்டு வரச் சொன்னாங்க சார்” என்பார். எந்த அமைப்பு, அடுத்த கூட்டம் எங்கே என்று கேள்விகள் நீளும். சமூகச் செயல்பாட்டாளர்களுக்கு இது பழகிப்போன காட்சி. பழகிவிட்டதால் அது சட்டப்படி சரியாகிவிடாது.

சட்டம் சொல்வது

உத்தரப் பிரதேசத்தின் கரக் சிங், 1941-இல் கொள்ளை வழக்கில் பிடிபட்டு, ஆதாரமில்லை என்று விடுவிக்கப்பட்டவர். அதன்பிறகும் போலீஸ் அவருக்குச் சரித்திரப் பதிவேடு திறந்து, இரவில் கதவைத் தட்டி எழுப்பியது. அந்த இரவு வருகை செல்லாது என 1962-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அறுதியிட்டனர்.

போன் ஒட்டுக்கேட்புக்கு வரம்பு கட்டியது, மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 1996-இல் வந்த தீர்ப்பு. மாநிலத்தில் உள்துறைச் செயலாளர் எழுத்துபூர்வமாக உத்தரவிட வேண்டும். ஒட்டுக்கேட்புக்கான 2024 விதிகளின்படி, அவசரத்தில் ஐ.ஜி. நிலை அதிகாரி உத்தரவிட்டால், ஏழு வேலை நாளுக்குள் அது உறுதியாக வேண்டும். உத்தரவு 60 நாள் செல்லும். நீட்டித்தாலும் 180 நாளைத் தாண்டக் கூடாது. பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ இல்லாமல், குற்றத்தைத் துப்பறிய மட்டும் ஒட்டுக்கேட்க முடியாது என 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது.

எங்கே ஆபத்து?

உத்தரவிடுபவரும் அதிகாரி, அந்த உத்தரவைப் பரிசீலிக்கும் மறுஆய்வுக் குழுவிலும் அதிகாரிகளே. ஒட்டுக்கேட்கப்பட்டவருக்குத் தகவலே வராது. நீதிபதியின் முன்அனுமதி கட்டாயமாகும்வரை இந்த ஓட்டை அடைபடாது.

நீங்கள் செய்யக்கூடியவை

• சாட்சியாக விசாரிக்க அழைத்தால் எழுத்துபூர்வ சம்மன் கேளுங்கள். பெண்களையும் 60 வயது கடந்தவர்களையும் அவர்கள் இருப்பிடத்தில்தான் விசாரிக்க வேண்டும்.
• போனைப் பறிமுதல் செய்தால் மகஜர் நகலும், போனில் உள்ள தரவின் கைரேகை போன்ற ‘ஹாஷ்’ எண்ணும் கேளுங்கள். பின்னர் ஏதாவது திணிக்கப்பட்டால் அந்த எண் காட்டிக்கொடுக்கும். சோதனையை வீடியோ எடுப்பது போலீஸின் கடமை.
• உளவுப் பிரிவுகளுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் விலக்கு உண்டு. மனித உரிமை மீறல் புகாருக்கு அந்த விலக்கு பொருந்தாது.
• மாநில மனித உரிமை ஆணையத்தில் ஓராண்டுக்குள் புகார் கொடுங்கள். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவும் போடலாம். சட்ட உதவிக்கு 15100.

யார் வந்தார், எப்போது, என்ன கேட்டார் என்பதை அன்றைக்கே எழுதி, வழக்கறிஞருக்கும் அனுப்பிவிடுங்கள். புகாருக்கு முதல் ஆதாரம் அதுதான்.