எந்த ரங்கராஜன்?

1960-களில் குமுதம் இதழுக்குக் கதை எழுத வந்த ஸ்ரீரங்கத்துப் பொறியாளர் ஒருவருக்குச் சொந்தப் பெயரே இடைஞ்சலாக நின்றது. அவர் பெயர் எஸ். ரங்கராஜன். அதே இதழில் ரா.கி. ரங்கராஜன் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தார். வாசகர்கள் குழம்பக் கூடாதே என்று மனைவியின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டார். தமிழுக்கு சுஜாதா கிடைத்தது அப்படித்தான்.

மெயில் ஐடி வைத்திருக்கும் எல்லோருக்கும் இன்று அதே சங்கடம் உண்டு. ஜிமெயில் 2004 ஏப்ரல் 1 அன்று அறிமுகமானது. வெறும் பெயரையே முகவரியாக வாங்கும் யோகம் முந்திக்கொண்ட சிலருக்குத்தான் வாய்த்தது. மற்றவர்கள் பெயரோடு இனிஷியலையும் பிறந்த வருடத்தையும் ஊர்ப் பெயரையும் ஒட்டவைக்க வேண்டியதாயிற்று. பெருமாள் பெயரும் தாயார் பெயரும் வீட்டுக்கு வீடு விளங்கும் ஸ்ரீரங்கத்தில் சிக்கல் இன்னும் கூடுதல். ரங்கநாதன், ரங்கநாயகி, கோதை, ஸ்ரீனிவாசன் என்று எந்தப் பெயரைச் சொல்லித் தேடினாலும், "எந்த ரங்கநாதன்? யார் பிள்ளை? எந்த வீதி?" என்ற கேள்விதான் முதலில் வரும்.

போதாததற்கு எழுத்துக்கூட்டல் வேறு. தமிழில் ஒரே மாதிரி எழுதும் ரங்கநாதனை ஆங்கிலத்தில் 'ஆர்'க்குப் பிறகு 'ஏ' போட்டு எழுதுபவர் உண்டு, 'இ' போட்டு எழுதுபவரும் உண்டு. திருச்சி வட்டாரத்தில் 'இ' போடுவது சகஜம். ஸ்ரீனிவாசன் என்றால் 'ஐ' ஒன்றா, 'இ' இரண்டா? இனிஷியல் முன்னால் வருமா, பின்னால் வருமா? ஜிமெயிலில் பெயருக்கு நடுவே வைக்கும் புள்ளி கணக்கில் வராது; வைத்தாலும் விட்டாலும் ஒரே பெட்டிக்குத்தான் போகும். எழுத்து ஒன்று பிசகினால் கதையே வேறு. அந்த முகவரியில் ஆளே இல்லையென்றால் கடிதம் திரும்பி வந்துவிடும், அதோடு போயிற்று. அங்கே வேறொரு ரங்கநாதன் இருந்துவிட்டால்? ஒருவரின் ரத்தப் பரிசோதனை முடிவோ வங்கிக் கணக்கு விவரமோ முன்பின் தெரியாதவரின் பெட்டியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஊகித்து அனுப்புவதில் இருக்கும் உண்மையான ஆபத்து இதுதான்.

காகிதக் கடிதத்துக்கு இந்தக் கஷ்டம் குறைவு. ஸ்ரீரங்கம் கோயிலின் ஏழு திருச்சுற்றுகளில் வெளிச்சுற்றுகள் குடியிருப்பு வீதிகள். உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் என்று அவற்றுக்குப் பெயர். 1972 ஆகஸ்ட் 15-இல் பின்கோடு வந்த பிறகு ஸ்ரீரங்கத்துக்கு 620006. கதவு எண் பழையதா புதியதா என்று தெரியாமல் எழுதினாலும் தபால்காரர் நாலு பேரிடம் விசாரித்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். மெயில் சர்வர் யாரையும் விசாரிக்காது.

ஆனால், ஒரு காலத்தில் கணினியிடமே விசாரிக்க வழி இருந்தது. 1971-இல் ரே டாம்லின்சன் ஆளையும் கணினியையும் பிரிக்க 'அட்' குறியைப் போட்டு முதல் நெட்வொர்க் மின்னஞ்சலை அனுப்பினார். அந்த வருடங்களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் லெஸ் எர்னெஸ்ட் 'ஃபிங்கர்' என்றொரு நிரலை எழுதினார். இன்னார் இந்தக் கணினியில் இருக்கிறாரா, கடைசியாக எப்போது வந்துபோனார் என்று கேட்டால் அது சொல்லும். 1982-இல் ஜான் போஸ்டல் வகுத்த மின்னஞ்சல் விதிமுறையிலேயே 'வெரிஃபை' என்ற கட்டளையும் இருந்தது. இந்தப் பெயரில் இங்கே யாராவது உண்டா என்று ஒரு சர்வர் இன்னொரு சர்வரைக் கேட்கும். உண்டு, இல்லை என்று அதுவும் நேர்மையாகப் பதில் சொல்லும்.

எல்லோரும் ஒருவரையொருவர் நம்பிய சின்ன உலகத்துக்காகச் செய்த ஏற்பாடு அது. 1988 நவம்பரில் இணையத்தைத் திணறடித்த மாரிஸ் வார்ம், உள்ளே நுழையப் பயன்படுத்திய வாசல்களில் ஒன்று இந்த ஃபிங்கர் சேவை. முகவரிகளை மொத்தமாக அள்ளி விளம்பரம் அனுப்பும் கூட்டம் பெருகியதும் 'வெரிஃபை' கட்டளைக்கு சர்வர்கள் பிடிகொடுத்துப் பதில் சொல்வதை நிறுத்திக்கொண்டன. ஓர் இணையதளத்தின் சொந்தக்காரர் யார், அவர் மெயில் ஐடி என்ன என்று காட்டிவந்த 'ஹூ இஸ்' பதிவேட்டிலும், 2018 மே மாதம் ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தபின் தனிநபர் விவரங்கள் பெரும்பாலும் மறைந்துபோயின. டெலிபோன் டைரக்டரி மாதிரி மின்னஞ்சலுக்கும் ஒரு புத்தகம் எங்கோ இருக்கும் என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. இருந்த சில ஜன்னல்களும் காரணத்தோடுதான் சாத்தப்பட்டன.

ஒருவரின் மெயில் ஐடியைத் தேடுகிறவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, தேடுவது ஒரு பதவியையா, ஒரு மனிதரையா என்பதை.

பதவி என்றால் முகவரி கேட்பது குடிமக்களின் உரிமை. 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, ஒவ்வொரு பொது அமைப்பும் தன் அலுவலர்கள், ஊழியர்களின் விவரப் பட்டியலை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. திருச்சி மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் ஆட்சியரின் மெயில் ஐடியைப் பார்க்கலாம். அது ஆட்சியர் என்ற பதவியின் பெயரில் இருக்கிறது. ஆள் மாறினாலும் முகவரி மாறாது, மனுவும் தொலையாது. அரசுத் தளங்களில் 'அட்' குறிக்குப் பதிலாக அடைப்புக்குறிக்குள் 'அட்' என்றும், புள்ளிக்குப் பதிலாக 'டாட்' என்றும் எழுதியிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். முகவரி அள்ளும் நிரல்களைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. மனு அனுப்புகிறவர் அவற்றை எடுத்துவிட்டுக் குறியையும் புள்ளியையும் போட்டுக்கொள்ள வேண்டும். அப்படியே நகலெடுத்து ஒட்டினால் கடிதம் போகாது.

முகவரியின் வால் பகுதியையும் பார்க்க வேண்டும். அது 'நிக் டாட் இன்' அல்லது 'கவ் டாட் இன்' என்று முடிந்தால் அரசு முகவரி. 2025-இல் மத்திய அரசு ஊழியர்களின் சுமார் 12 லட்சம் மெயில் கணக்குகள் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாறின. அப்போதும் இந்த வால் மாறவில்லை. அதிகாரி பெயரும் படமும் போட்டு ஜிமெயிலில் இருந்து வரும் கடிதத்தை நம்பிப் பணம் அனுப்பக் கூடாது.

படிப்பும் ஆராய்ச்சியும் சார்ந்த முகவரிகளைக் கண்டுபிடிப்பதுதான் எல்லாவற்றிலும் சுலபம். இதற்கு 1913-ஐவிட நல்ல உதாரணம் கிடையாது. சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்கு எழுத்தராக இருந்த கும்பகோணத்து ராமானுஜன், அந்த ஆண்டு ஜனவரி 16 தேதியிட்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன் பேக்கர், ஹாப்சன் என்ற இருவருக்கு எழுதி ஆதரவு கிடைக்கவில்லை. அந்த முயற்சிகளில் ராமானுஜனுக்குத் துணை நின்றவர்களில் ஒருவர், துறைமுகக் கழகத்தில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த எஸ். நாராயண ஐயர், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் கணிதம் கற்பித்துவிட்டு வந்தவர். ஹார்டி எழுதிய சிறு நூல் ஒன்று ராமானுஜனுக்குக் கிடைத்திருந்தது. அதன் 36-ஆம் பக்கத்தில் இருந்த ஒரு கூற்றைக் குறிப்பிட்டு, அதற்குத் தன்னிடம் விடை இருக்கிறது என்று கடிதத்தில் எழுதினார். ஹார்டியை அவருக்கு முன்பின் தெரியாது. நூலைப் படித்திருந்தார், அதுவே அறிமுகமாக அமைந்தது.

இன்றைக்கும் அந்த வழி அப்படியே திறந்திருக்கிறது. ஆய்விதழ்களில் வரும் கட்டுரைகளில் தொடர்புக்குரிய ஆசிரியர் யார் என்று குறித்து, பெரும்பாலும் அவர் மெயில் ஐடியையும் அச்சிடுகிறார்கள். திருச்சி என்.ஐ.டி., பாரதிதாசன் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்களின் துறைப் பக்கங்களில் ஆசிரியர் பெயரோடு முகவரியும் இருக்கிறது. என்.ஐ.டி. முகவரியில் 'டி' இரண்டு முறை வரும், இரண்டாவது திருச்சிக்கு உரியது. அதை விட்டுவிடக் கூடாது. கூகுள் ஸ்காலர் பக்கம் இன்ன நிறுவனத்தின் மெயிலால் சரிபார்க்கப்பட்டவர் என்று மட்டும் காட்டும், முகவரியைக் காட்டாது. பெயர் ஒன்றாக இருக்கும் பத்து ஸ்ரீனிவாசன்களில் நமக்கு வேண்டியவரைப் பிரித்தறிய அந்த ஒரு வரி போதும். 2012 முதல் ஆய்வாளர்களுக்கு வழங்கப்படும் 'ஆர்கிட்' எண்ணும் பெயர்க் குழப்பத்தைத் தீர்க்கவே வந்தது. பேராசிரியர் ஓய்வுபெற்றோ ஊர் மாறியோ போயிருந்தால் பழைய முகவரி செத்துப்போயிருக்கலாம். அப்போது துறை அலுவலகத்துக்கு எழுதி, கடிதத்தை அவருக்கு அனுப்பிவைக்கக் கேட்பதே முறை.

தேடுவது ஒரு மனிதரை என்றால், அவர் பதவியில் இல்லாத, எதையும் எழுதி வெளியிடாத ஒரு பழைய சிநேகிதர் என்றால், விஷயம் அடியோடு வேறு.

பெயரையும் நிறுவனத்தையும் கொடுத்தால் முகவரியை ஊகித்துச் சொல்லும் சேவைகள் இருக்கின்றன. நிறுவனத்தில் மற்றவர்களின் முகவரி எந்த அமைப்பில் இருக்கிறது என்று பார்த்து, அதே அச்சில் இவருடையதையும் வார்த்துக் கொடுக்கும். வியாபாரம் தேடுபவர்களுக்காக வந்தவை இவை. திருடப்பட்ட தரவுகளிலிருந்து முகவரி விற்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பக்கமே போகக் கூடாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சொந்த விஷயத்துக்காகத் தகவலைக் கையாளும் தனிமனிதரை விட்டுவிடுகிறது. நிறுவனங்களை விடுவதில்லை. தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் உண்டு. ஆனாலும் சட்டம் தனிமனிதரை விட்டுவிட்டது என்பதற்காகத் துருவித் தேடுவது சரியாகிவிடாது. விலகிப்போன ஒருவர் வேண்டுமென்றே விலகியிருக்கலாம். விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பெண்ணைத் தொடர்ந்து தொடர்புகொள்ள முயல்வதும், அவருடைய மின்னஞ்சல் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவின்படி குற்றம். முதல் தடவைக்கே மூன்று வருடம் வரை சிறை கிடைக்கலாம்.

கண்ணியமான வழி ஒன்று இருக்கிறது, அது பலிக்கவும் செய்கிறது. அவருடைய முகவரியை யாரிடமும் கேட்காமல், நம்முடையதை அவரிடம் சேர்க்கச் சொல்வது. செயின்ட் ஜோசப், பிஷப் ஹீபர், ஹோலி கிராஸ், 1964-இல் ஆர்.இ.சி.யாகத் தொடங்கிய இன்றைய என்.ஐ.டி. என்று திருச்சிக் கல்லூரிகளின் முன்னாள் மாணவர்கள் உலகமெங்கும் பரவியிருக்கிறார்கள். அவர்களுடைய சங்கத்துக்கு எழுதி, "இன்ன வருடம், இன்ன வகுப்பு, இதோ என் மெயில் ஐடி, அவரிடம் கொடுத்துவிடுங்கள்" என்றால் பொறுப்பில் இருப்பவருக்கும் தர்மசங்கடம் இல்லை. எழுதுவதும் எழுதாததும் அந்த நண்பர் கையில்.

சங்கமும் இல்லை, பொதுவான நண்பரும் இல்லை என்றால் பழைய வீட்டு முகவரிக்கு ஒரு காகிதக் கடிதம் போடலாம். உத்திர வீதி வீட்டில் இப்போது வேறொருவர் குடியிருந்தாலும், விற்றுப் போனவர்கள் எங்கே என்று பக்கத்து வீட்டுக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களில் பலர் மார்கழி வைகுண்ட ஏகாதசிக்கு ஊர் வந்துபோகிறார்கள். கடிதத்தில் நம் மெயில் ஐடியை ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து எழுத வேண்டும். பூஜ்யமா 'ஓ'வா, ஒன்றா 'எல்'லா, ரங்கநாதனுக்கு 'ஏ'யா 'இ'யா என்று சந்தேகம் வரக்கூடிய இடங்களில் பக்கத்திலேயே தமிழில் குறித்துவிட்டால் பதில் எழுதுபவருக்குச் சிரமமில்லை.