சாய்ந்து திரும்பும் பலகையும் அதன் வில்லும்

நான்கு சில்லுகளின் மீது ஓடும் ஒரு மரப்பலகை. அதன்மேல் நின்ற நிலையில் ஒருவர். கையிற் பிடிக்கச் சுக்கான் இல்லை. காலால் மிதிக்கத் தடையும் இல்லை. ஆயினும் அவர் வலப்புறஞ் சாய்ந்தால் பலகை வலப்புறந் திரும்புகின்றது. இடப்புறஞ் சாய்ந்தால் இடப்புறந் திரும்புகின்றது. சறுக்குப் பலகை எனப்படும் இவ்வூர்தியிற் சாய்வைத் திருப்பமாக மாற்றுவது பலகையன்று. பலகையின் அடியில் முன்னொன்றும் பின்னொன்றுமாகப் பூட்டப்பட்டிருக்கும் இரண்டு உலோக உறுப்புக்களே அவ்வேலையைச் செய்கின்றன. அவற்றுக்கு ‘ட்ரக்’ என்று பெயர். பாரம் ஏற்றும் வாகனத்துக்கும் இதற்கும் பெயரொற்றுமையன்றி வேறு உறவில்லை.

இப்பலகையிற் பாய்ந்தும் புரண்டும் வித்தை காட்டுவோர் ஒரு சாரார். வீதியின் அகலம் முழுவதையும் ஆண்டு, பாம்பு ஊர்வதுபோல வளைந்து வளைந்து செல்வதையே இன்பமெனக் கொள்வோர் மற்றொரு சாரார். பின்னவருக்கு ட்ரக்கும் அதனுள் இருக்கும் வில்லும் எத்தகையன என்பதே முதற் கேள்வி. கடையிற் பலகையின் நிறத்தையும் சித்திரத்தையும் பார்த்து வாங்கிவிட்டு, முதலாவது இறக்கத்திலேயே தோளெலும்பை முறித்துக்கொண்டோர் உண்டு.

சாய்ந்தால் திரும்பும் சில்லுப் பொறி, சறுக்குப் பலகையினும் பழையது. நியூ யோர்க் நகரில் வாழ்ந்த ஜேம்ஸ் பிளிம்ப்டன் என்பார், இறப்பர்த் துண்டொன்றை இடையில் வைத்து, பாதத்தின் சாய்வுக்கேற்பத் திரும்பும் சில்லுக் காலணியை ஆக்கி 1863ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் பின், 1950களில், கலிபோர்னியாக் கடற்கரையில் அலைமீது சறுக்கி விளையாடிய இளைஞர், அலையில்லாத நாட்களில் அத்தகைய காலணிகளின் சில்லுகளைக் கழற்றிப் பலகைகளில் அறைந்து வீதியில் ஓட்டினர். 1970களின் தொடக்கத்தில் யூரிதேன் என்னும் செயற்கைப் பொருளாலான சில்லுகள் வந்தன. அவை தார் வீதியை இறுகப் பற்றின. பற்றவே, ஆழச் சாய்ந்து திரும்புதல் கைகூடியது. அலையாட்டத்தை வீதியில் மீண்டும் உண்டாக்கும் நோக்கத்தோடு 1990களின் நடுப்பகுதியில் கலிபோர்னியாவின் வெனிஸ் கடற்கரையில் கிறெக் ஃபால்க், நீல் கார்வர் ஆகிய இருவரும், முன் ட்ரக்கிற் கூடுதலாக ஒரு சுழல் கையும் அதனை மையத்துக்கு மீட்கும் வில்லும் அமைத்தனர். ஊஞ்சலில் ஆடுபவர் தரையை உதையாமலே உந்தி உயர்வதுபோல, இப்பலகையில் நிற்பவரும் காலால் தரையைத் தள்ளாமல், உடலை முறுக்கி முறுக்கியே வேகம் பெறலாம்.

சாய்வு எவ்வாறு திருப்பமாகின்றது? ட்ரக்கில் இரண்டு அச்சுக்கள் உள. சில்லுகளைத் தாங்குவது சில்லச்சு. அச்சில்லச்சு எந்தக் கோட்டைச் சுற்றி அசைகின்றதோ அது சுழலச்சு. சுழலச்சு பலகைக்குச் சமாந்தரமாகக் கிடந்தால் பலகை வெறுமனே சரியும், சில்லுகள் திரும்பமாட்டா. அது கதவின் பிணைச்சல்போலச் செங்குத்தாக நின்றால் சில்லுகள் தாராளமாகத் திரும்பும். ஆனால் சாய்வுக்கும் அதற்கும் தொடர்பிராது. இவ்விரண்டுக்கும் இடையே சரிவாக நிற்கும்போதுதான் சாய்வு திருப்பமாகின்றது. பின் ட்ரக் முன்னதற்கு எதிர்முகமாகப் பூட்டப்படுவதால் முன் சில்லுகள் ஒரு பக்கமும் பின் சில்லுகள் மறு பக்கமும் திரும்பிப் பலகை வட்டத்திற் செல்கின்றது.

சில்லச்சுக்கள் இரண்டுக்கும் இடையே 60 சென்ரிமீற்றர் தூரமுள்ள பலகையொன்று 20 பாகை சாய்கின்றது எனக் கொள்க. இரு சுழலச்சுக்களும் 50 பாகைச் சரிவுடையனவாயின் பலகை ஏறக்குறைய 74 சென்ரிமீற்றர் ஆரையுள்ள வட்டத்தில் திரும்பும். 30 பாகைச் சரிவாயின் அதே சாய்வுக்கு ஆரை ஒன்றரை மீற்றராகிவிடும். சாய்வு ஒன்றே, திருப்பமோ பாதியளவினது. ஆகவே நெருங்கிய வளைவுகளை விரும்புவோர் 45 அல்லது 50 பாகை ட்ரக்கையும், நீண்ட இறக்கங்களில் ஓடுவோர் அதனினுங் குறைந்த பாகையுள்ளதையும் தேர்கின்றனர். முன்னே கூடிய பாகையும் பின்னே குறைந்த பாகையும் வைத்தல் நல்லதொரு வழக்கம். திருப்பத்தை முன்புறம் ஆளுகையிற் பின்புறம் அடங்கி நிற்கும்.

இனி வில்லுக்கு வருவோம். வில்லின் தொழில் மெத்தை போல அமுங்கிக் கொடுப்பது என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அதன் தொழில் மீட்டல். பலகை மீது நிற்பவரின் பாரம் சுழலச்சுக்கு மேலே இருப்பதால், சற்றுச் சாய்ந்தாலும் அப்பாரம் மேலும் சாய்க்கவே முயலும். அதனை எதிர்த்துப் பலகையை மட்டத்துக்குக் கொண்டுவருவது வில். ஆகவே வில்லின் விறைப்பு, நிற்பவரின் நிறைக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும். 50 கிலோகிராம் நிறையுள்ளவரைத் தாராளமாக மீட்கும் வில், 90 கிலோகிராம் நிறையுள்ளவரின் கீழ் ஒரு பக்கம் விழுந்து கிடக்கும். நண்பர் மெச்சிய வில்லை அப்படியே வாங்குவோர் ஏமாறுவது இதனாலேயே.

பெரும்பாலான ட்ரக்குகளில் வில்லாக அமைவது யூரிதேன் வளையம். இதனைப் புஷ் என்பர். சிலவற்றில், சைஸ்மிக் நிறுவனம் செய்த ட்ரக்குகளிற்போல, உருக்குச் சுருள் வில்லே உண்டு. விசைக்கேற்ற அளவில் வில் நீளும் அல்லது குறுகும் என்னும் விதியை றொபேட் ஹூக் 1678இல் வெளியிட்டார். நல்ல சுருள் வில் இவ்விதிக்குப் பெரும்பாலும் அமைவது. ஆதலால் அதன் இயல்பை முன்கூட்டியே கணிக்கலாம். கம்பியின் தடிப்பு இதில் வியக்கத்தக்க பங்கு கொள்கின்றது. விறைப்பு, தடிப்பின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 4 மில்லிமீற்றர்க் கம்பிக்குப் பதிலாக 4.4 மில்லிமீற்றர்க் கம்பியைக் கொண்டால், கண்ணுக்குத் தோன்றாத அவ்வேறுபாட்டினாலேயே வில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விறைத்துவிடும். எனவே வில்லைக் கண்ணால் மதிப்பிடுதல் பயன் தராது. செய்தவர் தரும் நிறை அட்டவணையைப் பார்த்தலே தகும்.

மெல்லிய வில்லை வாங்கிவிட்டுத் திருகை இறுக்கி இறுக்கி அதனைக் கடினமாக்க முனைவது பரவலான பிழை. இறுக்குவதால் சுருள் வில்லின் இயல்பான விறைப்பு மாறுவதில்லை. அது அமுங்கக்கூடிய தூரமே குறைகின்றது. சுருள்கள் ஒன்றோடொன்று முட்டியதும் வில் வில்லாயிருப்பதை விட்டு இரும்புத் துண்டாகிவிடும். வளைவின் நடுவில் நிற்பவர் கல்லில் இடறியவர்போல் எறியப்படுவார். யூரிதேன் வளையம் இறுக்கத்தால் ஓரளவு விறைக்கும் என்பது மெய்யே. எனினும் மிகையாக இறுக்கினால் பிதுங்கி வெடிக்கும். ஒன்றிரண்டு புரிக்கு மேல் இறுக்க வேண்டி வந்தால் வில்லையே மாற்றுதல் நன்று.

உருக்குக்கு ஒரு குறையுண்டு. அது வாங்கிய ஆற்றலை ஏறக்குறைய முழுவதுமாகத் திருப்பிக் கொடுத்துவிடும். உந்தி உந்தி வேகம் பெறுவோருக்கு அது வரம். ஆனால் பலகை ஒருமுறை இடமும் வலமும் ஆடத் தொடங்கினால் அவ்வாட்டத்தைத் தணிக்க அதனிடம் எதுவுமில்லை. யூரிதேனோ ஆற்றலின் ஒரு பகுதியை உள்ளே வெப்பமாக்கி விழுங்கிவிடும். மலைச்சரிவிற் காற்றடைத்த சில்லுகளோடு ஓடும் பலகைகளிற் சுருள் வில்லின் வயிற்றுக்குள் யூரிதேன் துண்டொன்றைச் செருகி வைப்பது இக்காரணம் பற்றியே.

வேகத்தில் எழும் அத்தள்ளாட்டமே இவ்விளையாட்டின் பெரும் ஆபத்து. மொன்ற் ஹபார்ட் என்னும் அமெரிக்க அறிஞர் சறுக்குப் பலகையின் இயக்கத்தைச் சமன்பாடுகளாக்கி 1979இல் வெளியிட்டார். 2016இல் புடாபெஸ்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர், மனிதனது மறுவினைக்கு ஏற்படும் சிறு தாமதத்தையும் கணக்கிற் சேர்த்து ஆராய்ந்தனர். சாய்வை உணர்ந்து காலால் திருத்துவதற்குள் நொடியின் ஒரு கூறு கழிந்துவிடுகின்றது. மெல்லச் செல்கையில் அது பொருட்டன்று. விரைந்து செல்கையிலோ, திருத்தம் வந்து சேரும்போது பலகை மறுபுறம் திரும்பிவிட்டிருக்கும். திருத்தமே ஆட்டத்தைப் பெருக்கும். அகன்ற பாகையும் மெல்லிய வில்லும் கொண்ட பலகையை நெடிய இறக்கத்திற் செலுத்தலாகாது என்பதன் நியாயம் இதுவே. தலைக்கவசம் எவ்வில்லுக்கும் வேண்டியது.

தேர்ந்த வில் பொருந்துகின்றதா என அறிய எளிய சோதனையுண்டு. மட்டமான தரையில், ஓடாத பலகை மீது ஏறி நின்று, குதிகாலாலும் பின்னர் விரல்களாலும் அழுத்துதல் வேண்டும். பலகை தயங்காது சாய்ந்து, பாரத்தைத் தளர்த்தியதும் தானே மட்டத்துக்கு மீள வேண்டும். மீளாது கிடந்தால் வில் மெலிது. முழுப் பாரத்தையும் ஒரு பக்கம் வைத்தபோதும் சற்றே சாய்ந்தால் வில் கடிது. யூரிதேன் வளையமாயின் 60 கிலோகிராம் அளவினர் ‘ஷோர் ஏ’ அளவுகோலில் 80க்குச் சற்று மேலும், 90 கிலோகிராம் அளவினர் 90 அளவிலும் தொடங்கிப் பார்க்கலாம். உருளை வடிவ வளையம் கூம்பு வடிவத்தினும் மிகுதியாக எதிர்க்கும். முழுச் சாய்விலே சில்லு பலகையைத் தொடுகின்றதா என்பதையும் இச்சோதனையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். தொட்டால் சில்லு நின்றுவிடும். நிற்பவர் முன்னே பறப்பார். பலகைக்கும் ட்ரக்குக்கும் இடையே தட்டையான ஒரு தகடு வைத்து உயர்த்தினால் அது தீரும்.

மாற்றங்களை ஒவ்வொன்றாகவே செய்தல் நலம். வில்லையும் பாகையையும் சில்லையும் ஒரே நாளில் மாற்றியவர், பலகை திருந்தியதற்கோ கெட்டதற்கோ காரணம் காணமாட்டார். புதிய யூரிதேன் வளையம் முதற் சில மணி நேர ஓட்டத்தில் இளகும். அதன் பின் மீண்டும் ஒருமுறை திருகைப் பார்த்தல் வேண்டும். கடற்கரையில் ஓடும் பலகையாயின், உருக்கு வில்லை அவ்வப்போது கழற்றி, மணலைத் துடைத்து, எண்ணெயிட்டு வைக்காவிடில் உப்புக்காற்று அதனை அரித்துவிடும்.